பழகிய முகம்: திபெத்திய வெள்ளிக் காசுகளின் வடிவமைப்பு

திபெத்தின் வெள்ளிக் காசுகளில் ஆளுகிறவரின் முகத்தைத் தேடினால் கிடைக்காது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1950கள் வரை லாசாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இயங்கிய அக்கசாலைகள் எத்தனையோ வகைக் காசுகளை அடித்தன. அவற்றில் தாமரை உண்டு, சங்கு உண்டு, பனிச்சிங்கம் உண்டு. தலாய் லாமாவின் உருவம் மட்டும் இல்லை. அந்நாட்டுச் சந்தைகளில் மனித முகத்தோடு புழங்கிய முக்கியமான வெள்ளிக் காசுகள் எல்லாமே வெளியார் அடித்தவை. முதலில் விக்டோரியா மகாராணியின் தலை பதித்த இந்திய ரூபாய் வந்தது. அடுத்து சீனப் பேரரசர் குவாங்சூவின் தலை பதித்த சிச்சுவான் ரூபாய். கடைசியாகப் படைத்தலைவர் யுவான் ஷிகாயின் தலை பதித்த சீன டாலர்.

சமயப் பணிவு என்று ஒரு வார்த்தையில் இதை விளக்கிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை. இந்தக் காசுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. திபெத்தில் காசின் வடிவத்தைத் தீர்மானித்ததில் அதை அடித்தவரைவிட வாங்கிக்கொண்டவருக்கே பங்கு அதிகம். வடக்கு மேய்ச்சல் நிலத்திலிருந்து உப்பு கொண்டுவரும் நாடோடியும், தேயிலை வணிகரும், காணிக்கை பெறும் துறவியும் காசின் எழுத்தைப் படித்து அதை ஏற்கவில்லை. பழகிய முகமா என்று பார்த்து ஏற்றார்கள். எனவே அக்கசாலைகள் பழைய முகத்தை விடாமல் காப்பாற்றின. சில வேளை உள்ளே வெள்ளியைக் குறைப்பதற்கும் அதே பழைய முகம் திரையாக உதவியது. ஏறத்தாழ 160 ஆண்டுக் காலத் திபெத்திய நாணய வரலாற்றை இந்த இரண்டின் கதையாகவே படிக்கலாம் என்று கருதுகிறேன்.

நேபாளம் அடித்த திபெத்தின் காசு

சொந்தக் காசு வருவதற்கு முன் திபெத்தியர் பார்லி, உப்பு, வெண்ணெய், கம்பளி ஆகியவற்றைப் பண்டமாற்று செய்தனர். சீனாவிலிருந்து வந்த தேயிலைக் கட்டிகளே பல இடங்களில் பணமாக நடந்தன. பெரிய கொடுக்கல் வாங்கலுக்குக் குதிரைக் குளம்பு போல வார்த்த வெள்ளிக் கட்டிகள் எடை போட்டுத் தரப்பட்டன. குளம்பு வடிவக் கட்டியை வைத்துக்கொண்டு சந்தையில் ஒரு பிடி மிளகாய் வாங்க முடியாது. சிறு காசின் தேவையைத் தீர்த்தது தெற்கே இருந்த காத்மாண்டுப் பள்ளத்தாக்கு.

அங்கே 16ஆம் நூற்றாண்டில் மகேந்திர மல்லன் பெயரோடு தொடங்கிய வெள்ளி நாணய மரபு, 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரதாப மல்லன் காலத்து உடன்பாடு ஒன்றால் திபெத்துக்கும் உரியதாயிற்று. லாசா வெள்ளியை அனுப்பும். காத்மாண்டு, பாட்டன், பட்கான் ஆகிய மூன்று நகர அரசுகளும் அதைக் காசாக அடித்துத் திருப்பி அனுப்பும். இமயத்தைக் கடந்து கட்டியாகப் போன வெள்ளி, சுமார் ஐந்தரை கிராம் எடையுள்ள தட்டையான காசாகத் திரும்பி வந்தது. நாணயம் அடிக்கும் உரிமையை ஒரு நாடு தன் அண்டை நாட்டிடம் ஒன்றரை நூற்றாண்டுக்கு ஒப்படைத்திருந்தது என்பது அரிய நிகழ்வு.

மல்லர் காசுகள் அழகானவை. சதுரம், முக்கோணம், வட்டம் ஆகியவற்றைப் பின்னி யந்திரம் போல அமைத்த களம். அதன் அறைகளில் நேவாரி எழுத்தில் அரசன் பெயர், நேபாள சம்வத் ஆண்டு, நடுவில் சூலமோ வாளோ தாமரையோ. காத்மாண்டுக் கோயில்களில் மரத்தையும் செம்பையும் செதுக்கிய நேவார் கைவினைஞர்களின் கண் இந்தச் சிறிய வட்டங்களிலும் தெரிகிறது. திபெத்திய மடாலயங்களுக்குச் சிலை வார்த்தவர்களும் இதே சமூகத்தினர். எனவே இந்தக் கோலங்கள் திபெத்தியருக்கு அந்நியமாகப் பட்டிருக்க வாய்ப்பில்லை. பெயர் தெரியாத அரசனின் காசாக இருந்தாலும், மண்டலம் போன்ற அதன் அமைப்பு அவர்களுக்குத் தெரிந்ததுதான்.

18ஆம் நூற்றாண்டில் மல்ல அரசர்கள் இந்த நம்பிக்கையைச் செலவழிக்கத் தொடங்கினர். கூர்க்கா அரசு பள்ளத்தாக்கை நெருக்கிக்கொண்டிருந்தது. போருக்குப் பணம் வேண்டும். திபெத்திலிருந்து நல்ல வெள்ளி வந்தது. திரும்பிப் போன காசில் செம்பு ஏறியது, பாதிக்குப் பாதி வரை. காசின் முகம் மாறவில்லை, எடையும் பெரிதாக மாறவில்லை, மாற்று மட்டும் குறைந்தது. 1768-69இல் பள்ளத்தாக்கைக் கைப்பற்றிய கூர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா நல்ல வெள்ளியில் புதிய காசு அடித்தார். அதைத் திபெத் ஏற்கவேண்டும், பழைய கலப்படக் காசுகளுக்கு மதிப்பைக் குறைத்துக் கணக்கிடவேண்டும் என்பது அவர் தரப்பு. லாசாவின் சங்கடம் எளிதில் புரியும். நாட்டின் ஒவ்வொரு வீட்டிலும் மடத்திலும் இருந்தது அந்தப் பழைய காசுதான். அதன் மதிப்பைப் பாதியாக்கினால் ஒரே நாளில் எல்லாருடைய சேமிப்பும் பாதியாகும். இரு காசுகளும் சரிக்குச் சரியாக ஓடட்டும் என்றால் நல்ல காசை அடித்த கூர்க்காக்களுக்கு நட்டம்.

பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1788இல் கூர்க்காப் படை எல்லை கடந்தது. ஆண்டுதோறும் பணம் தருவதாகத் திபெத்தியர் ஒப்புக்கொண்ட சமாதானம் நிலைக்கவில்லை. 1791இல் படை மீண்டும் வந்து, பஞ்சென் லாமாவின் இருப்பிடமான ஷிகாட்சேயின் தஷிலுன்போ மடத்தைச் சூறையாடியது. சீனப் பேரரசர் சியென்லுங் அனுப்பிய ஃபூகாங்ஆன் தலைமையிலான படை 1792இல் கூர்க்காக்களைக் காத்மாண்டுக்கு அருகே வரை துரத்தியது. எல்லைத் தகராறு, வணிக வரி என்று இந்தப் போருக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் கலப்பட வெள்ளி இல்லாமல் இந்தப் போரை விளக்க முடியாது.

நின்றுபோன ஆண்டு

நேபாளத்திலிருந்து காசு வருவது தடைப்பட்டதும் திபெத் தானே அடிக்கத் துணிந்தது. 1763-64இலும் 1785இலும் சிறிய அளவில் முயன்றிருந்தார்கள். டங்கா என்பது அவர்களுடைய வெள்ளிக் காசின் பெயர். 1791இல் தொடங்கிய கொங்பர் டங்காதான் புழக்கத்தில் வேரூன்றிய முதல் திபெத்தியக் காசு. லாசாவுக்குத் தென்கிழக்கே உள்ள கொங்போ பகுதியோடு அதன் பெயர் தொடர்புடையது. எடையும் அளவும் நேபாளக் காசைப் போலவே இருந்தன. சதுரமும் வட்டமும் இதழ்களும் கொண்ட கோலமும் அப்படியே. அரசன் பெயர் நின்ற இடத்தில் மட்டும் திபெத்திய எண்களில் ஆண்டு வந்து உட்கார்ந்தது.

அந்த எண்கள் 13-45, 13-46, 13-47. பதின்மூன்றாம் சுற்றின் 45, 46, 47ஆம் ஆண்டுகள் என்று பொருள். திபெத்தியரின் அறுபதாண்டுச் சுற்று, காலசக்கர மரபோடு இந்தியாவிலிருந்து போனது. 1027ஐ முதல் சுற்றின் முதல் ஆண்டாகக் கொள்வது. இதில் தமிழ் வாசகருக்கு ஒரு நேரடி உறவு இருக்கிறது. நம் பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது ஆண்டுகளும் இதே வரிசையில்தான் ஓடுகின்றன. 1987இல் நமக்குப் பிரபவ பிறந்தது. திபெத்தியருக்குப் பதினேழாம் சுற்றின் முதல் ஆண்டு பிறந்ததும் 1987இல்தான். ஆண்டு தொடங்கும் மாதம் மட்டும் வேறு. நாம் சுற்றுகளை எண்ணுவதில்லை, அவர்கள் எண்ணினார்கள். எனவே 13-45 என்ற பொறிப்பைக் கண்டால் பன்னிரண்டு சுற்றுக்கு 720, அதோடு 45, அதோடு 1026 என்று கூட்டி 1791 என அறியலாம். நம் கணக்கில் அது விரோதகிருது. 13-46 பரிதாபி, 13-47 பிரமாதீச.

கணக்கு எளிது, காசு அவ்வளவு எளிதாகப் பிடிகொடுப்பதில்லை. 13-46 என்று பொறித்த காசுகள் 1792க்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் அடிக்கப்பட்டுவந்தன. 13-45, 13-47 ஆகியவற்றுக்கும் பிற்காலப் பதிப்புகள் உண்டு. எழுத்தின் வளைவு, புள்ளிகளின் எண்ணிக்கை, வெள்ளியின் மாற்று ஆகியவற்றைக் கொண்டே எது முந்தியது, எது பிந்தியது என்று நாணயவியலாளர் பிரிக்கிறார்கள். அச்சு வெட்டியவருக்கு அன்றைய ஆண்டு தெரியாமலா இருந்திருக்கும்? மக்கள் முதலில் கண்டு நம்பிய காசில் 13-46 என்று இருந்தது. அந்த எண் அவர்களுக்கு ஆண்டாக இருக்கவில்லை. கோலத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. அதை மாற்றினால் காசு புதிதாகத் தெரியும், புதிய காசு சந்தேகத்தைக் கிளப்பும். 1890இல்தான் 15-24 என்ற நடப்பு ஆண்டு கொங்பர் வகையில் தோன்றுகிறது. பழகிய முகத்தின் அதிகாரத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இன்னொரு வகைக் காசில் லாஞ்சா எழுத்து வருகிறது. நேபாளத்தின் ரஞ்சனா எழுத்தைத் திபெத்தியர் அப்படி அழைத்தனர். மந்திரங்களையும் நூல் தலைப்புகளையும் அலங்கரித்த புனித எழுத்து அது. பழைய மல்லர் காசின் சாயலில் அமைந்த இந்தக் காசைச் சந்தையில் படித்தவர் இருந்திருக்க மாட்டார். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

பேரரசரின் சதுரம்

1793இல் சீன அரசவை திபெத்துக்கு வகுத்த 29 விதிகளில் நாணயமும் இடம்பெற்றது. லாசாவில் அடிக்கப்பட்ட புதிய காசின் ஒரு பக்கம் சீன எழுத்தில் 'சியென்லுங் பாவ் சாங்', அதாவது சியென்லுங் ஆட்சியின் திபெத்தியக் கருவூலக் காசு. மறுபக்கம் அதே பெயர் திபெத்திய எழுத்தில். நடுவே ஒரு சிறு சதுரம். சீனச் செப்புக் காசுகளின் நடுவில் கயிறு கோப்பதற்காக உள்ள சதுரத் துளையின் நினைவு இது. வெள்ளிக் காசில் துளை இல்லை, அதன் கோட்டோவியம் மட்டும் உண்டு. விளிம்பில் ஆட்சியாண்டு எழுதப்பட்டிருக்கும்.

விதிகளில் உள்ள ஒரு கணக்கு இந்தக் காசுகளின் நோக்கத்தைத் திறந்து காட்டுகிறது. ஒரு லியாங் வெள்ளிக்கு ஒன்றரை சியென் எடையுள்ள பெரிய காசு 6, அல்லது ஒரு சியென் காசு 9, அல்லது அரை சியென் காசு 18. பத்து சியென் ஒரு லியாங். எப்படிப் பார்த்தாலும் காசாக வருவது 9 சியென். மிச்சம் ஒரு சியென் அடிக்கும் கூலி. அடிப்பவருக்கு எவ்வளவு போகிறது என்பதை வெளிப்படையாக எழுதிவைத்த ஒழுங்கு இது. மல்லர் காலத்துக் கலப்படத்துக்கு நேரான மறுமொழி.

ஆனால் இந்த நல்ல காசு பழைய காசுகளைச் சந்தையிலிருந்து விரட்டிவிடவில்லை. ஜியாசிங், தாவ்குவாங் பேரரசர்களின் பெயர்களில் இடைவெளி விட்டு விட்டு அடிக்கப்பட்டு, 1836இல் நின்றுபோனது. கடைசிக் காலத்தில் நல்ல வெள்ளியில் சரியான எடையில் அடித்தால் அக்கசாலைக்கு ஆதாயம் குறைவு. தரம் குறைந்த பழைய கோலக் காசை மக்கள் அதே மதிப்பில் வாங்கிக்கொண்டிருந்தபோது உயர்ந்த மாற்றுள்ள காசை அடிக்க யாருக்கு மனம் வரும்? இன்று சேகரிப்பாளரிடையே இந்தச் சீன-திபெத்தியக் காசுகளுக்கே விலை அதிகம். போலிகளும் இவற்றில்தான் மிகுதி. திபெத்திய நாணயம் என்றதும் இவற்றையே அட்டைப்படமாகப் போடும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. இவை அரசவையின் எண்ணத்தைக் காட்டுகின்றன. சந்தையின் எண்ணத்தைக் காட்டுவது அடுத்து வரும் காசு.

எட்டு இதழ், எட்டு அசை

1840ஐ ஒட்டித் தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதி வரை அடிக்கப்பட்ட காண்டென் டங்காவைத்தான் திபெத்தின் மக்கள் காசு என்று சொல்லவேண்டும். இதன் வடிவமைப்பை நான் தயக்கமின்றித் தலைசிறந்தது என்பேன். ஒரு பக்கத்தில் எட்டு இதழ்த் தாமரை. ஒவ்வோர் இதழிலும் ஓர் அசையாகக் 'காண்டென் போதாங் சோக்லே நம்க்யால்' என்ற எட்டு அசைகள் வட்டமாக ஓடுகின்றன: எத்திசையும் வெல்லும் காண்டென் மாளிகை. ட்ரெபுங் மடத்தில் ஐந்தாம் தலாய் லாமாவின் இருப்பிடத்துக்கு இருந்த பெயர் 1642இல் அவர் நிறுவிய அரசுக்கும் பெயரானது. அந்த அரசின் பெயர்தான் இங்கே இதழிதழாக நிற்கிறது. ஆளும் மனிதர் மாறலாம், சிறுவராக இருக்கலாம், அடுத்த பிறவியைத் தேடும் இடைக்காலமாகவும் இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் பல தலாய் லாமாக்கள் இளமையிலேயே மறைந்தார்கள். ஆட்சி பெரும்பாலும் பதிலாளர்களிடம் இருந்தது. அப்படிப்பட்ட ஆட்சிக்கு முகத்தைவிட வீட்டின் பெயர் பொருத்தமான முத்திரை. வெறும் சமயப் பணிவு என்ற விளக்கம் போதாது என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

மறுபக்கத்தில் நடுவே ஒரு தாமரை, அதைச் சுற்றி எட்டு மங்கலச் சின்னங்கள்: குடை, இரட்டைப் பொன்மீன், நிதிக்கும்பம், தாமரை, வலம்புரிச் சங்கு, முடிவற்ற முடிச்சு, வெற்றிக்கொடி, அறச்சக்கரம். வீட்டு வாசல் திரையிலும், மடத்துத் தூணிலும், கல்யாணத்துப் பட்டுத்துணியிலும் திபெத்தியர் தினமும் பார்ப்பவை இவை. கடலையே காணாத நாட்டின் காசில் சங்கும் மீனும் இருப்பதைப் பார்க்கும்போது, அந்தச் சமயமும் அதன் சின்னங்களும் எந்தத் திசையிலிருந்து மலையேறின என்பது நினைவுக்கு வருகிறது. அச்சு வெட்டுபவர்களின் கை வேறுபாட்டால் சின்னங்களின் வரிசையும் வடிவமும் வகைக்கு வகை மாறுகின்றன. சிலவற்றில் மீன்கள் தெளிவாக நீந்துகின்றன, சிலவற்றில் இரண்டு கோடுகளாகச் சுருங்கிவிட்டன. பெரும்பாலானவற்றில் ஆண்டு இல்லை. இத்தகைய நுணுக்கங்களைக் கொண்டே வரிசைப்படுத்தவேண்டும்.

இந்தக் காசின் இன்னொரு சிறப்பு, அதை வெட்டலாம் என்பது. திபெத்தியக் கணக்கில் பத்து கார்மா ஒரு ஷோ, பத்து ஷோ ஒரு ஸ்ராங். ஒரு டங்கா என்பது ஒன்றரை ஷோ, அதாவது 15 கார்மா. அதற்குக் கீழே சில்லறை போதுமானதாக இல்லை. எனவே டங்காவையே கத்தரித்தார்கள். அதற்கு எட்டு இதழ்கள் வழிகாட்டின. நான்கு இதழ் வெட்டினால் பாதி, ஏழரை கார்மா. மூன்று இதழுள்ள துண்டு ஐந்து கார்மா, ஐந்து இதழுள்ள துண்டு பத்து கார்மா, அதாவது ஒரு ஷோ. கணக்குப் பார்த்தால் எட்டில் மூன்று என்பது மூன்றில் ஒன்றைவிடக் கொஞ்சம் பெரிது. எட்டில் ஐந்து என்பது மூன்றில் இரண்டைவிடக் கொஞ்சம் சிறிது. மூன்று இதழ் வாங்கியவருக்குச் சற்று ஆதாயம், ஐந்து இதழ் வாங்கியவருக்குச் சற்று இழப்பு. சந்தை அதைப் பொருட்படுத்தவில்லை. தராசு எடுக்காமல் இதழை எண்ணியே மதிப்பைச் சொல்ல முடிந்தது பெரிய வசதி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஏமாறாமல் பயன்படுத்தக்கூடிய சில்லறை முறை அது. நேபாளக் காசுகளையும் முன்பு இப்படித் துண்டாக்கினார்கள். இதழமைப்பு அந்தப் பழக்கத்துக்கு ஓர் அளவுகோலைத் தந்தது. இன்று காட்சிப் பெட்டிகளில் முழுக் காசுக்குத்தான் மரியாதை. எனக்கோ வெட்டுண்ட துண்டுகளே விலைமதிப்பற்றவை, ஏனென்றால் அவை உண்மையாகப் பயன்பட்டவை.

காண்டென் டங்காவிலும் காலப்போக்கில் வெள்ளி குறைந்தது. ஐந்தரை கிராமை ஒட்டி இருந்த எடை நான்கு கிராமை நோக்கிச் சரிந்தது, செம்பும் ஏறியது. தாமரை மட்டும் மலர்ந்தபடியே இருந்தது.

தலை பதித்த ரூபாய்

இந்த அமைதியைக் குலைத்தது கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பின் வந்த இந்திய ரூபாய். 11.66 கிராம் எடை, பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, இயந்திரத்தில் அடித்த கூரான விளிம்பு. கலப்படமும் கிடையாது, சுரண்டினால் தெரிந்துவிடும். கம்பளி வாங்க வந்த பணமாகத் தெற்கிலிருந்தும், தேயிலை வணிகம் வழியாகக் கிழக்குத் திபெத்தின் காம் பகுதியிலும் அது பரவியது. 1904இல் பிரித்தானியரின் யங்ஹஸ்பண்ட் படையெடுப்புக்குப் பின் அதன் செல்வாக்கு இன்னும் பெருகியது. முடிசூடிய விக்டோரியாவின் தலையைக் காம் மக்கள் ஏதோ ஒரு லாமாவின் தலையாகக் கருதினார்கள் என்று பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். அறியாமையின் சான்றாக இதைச் சொல்வது வழக்கம். நான் அப்படிப் பார்க்கவில்லை. காசில் வரும் உருவம் மங்கலமானதாகத்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு அவர்களுக்கு இருந்தது. அந்நியக் காசையும் அந்த எதிர்பார்ப்புக்குள் கொண்டுவந்து ஏற்றுக்கொண்டார்கள்.

சீன அதிகாரிகளுக்கு இது பெரும் கவலை. காம் பகுதியில் இந்திய ரூபாயைத் தடுக்க 1902 முதல் சிச்சுவானின் செங்டு அக்கசாலையில் அதே எடையை ஒட்டிய காசை அடித்தார்கள். ஒரு பக்கம் விக்டோரியா இருந்த இடத்தில் அதே பக்கவாட்டுத் தோற்றத்தில் குவாங்சூ. மறுபக்கம் இந்தியக் காசின் மலர் வளையத்துக்குள் 'சிச்சுவான் மாகாணத்தில் செய்தது' என்ற நான்கு சீன எழுத்துகள். சீனப் பேரரசர்களின் நீண்ட மரபில் ஆளும் பேரரசரின் தலை புழக்கக் காசில் ஏறியது இங்கேதான். பேரரசின் தலைநகரில் நினைத்தும் பார்த்திராத ஒன்றை, எல்லைச் சந்தையின் பழக்கம் செய்யவைத்தது. போட்டிக் காசை வெல்ல அதன் முகத்தையே அணிந்துகொள்ளவேண்டியிருந்தது. பேரரசு வீழ்ந்து, குவாங்சூ இறந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் கங்திங் நகரில் அதே தலையோடு காசு அடிக்கப்பட்டது. 1942 வரை இந்த வகை தொடர்ந்தது. பிற்காலக் காசுகளில் வெள்ளி வெகுவாகக் குறைந்திருந்தது. கொங்பர் டங்காவின் 13-46ஐப் போலவே குவாங்சூவும் கோலமாகிவிட்டார்.

பனிச்சிங்கமும் எடையும்

1909இல், அதாவது 15-43இல், லாசா புதிய வழியில் இறங்கியது. ஸ்ராங் கணக்கில் இயந்திர அச்சில் அடித்த வெள்ளிக் காசு வந்தது. அதில் பனிச்சிங்கம் நின்றது. 1910இல் சீனப்படை லாசாவுக்குள் நுழைய, பதின்மூன்றாம் தலாய் லாமா இந்தியாவுக்குச் சென்றார். அப்போது சுவாந்தொங் பேரரசரின் பெயரில் டிராகன் பதித்த காசுகள் கொஞ்ச காலம் அடிக்கப்பட்டன. சீனப் பேரரசு சரிந்து படை வெளியேறியதும் சிங்கம் திரும்பிவந்தது. 1913இல் தலாய் லாமா வெளியிட்ட அறிவிப்போடு திபெத் தன்னைத் தனிநாடாக நடத்திக்கொண்டது. காசு, காகிதப் பணம், அஞ்சல்தலை எல்லாவற்றிலும் சிங்கமே முத்திரை. 1918 முதல் 1921 வரை 20 ஸ்ராங் தங்கக் காசிலும் அதுவே. இந்த ஓர் இடத்தில்தான் திபெத்திய அரசு சந்தையின் பழக்கத்தை மீறித் தானே ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்தது. அப்போதும் மனித முகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. பனிமலைச் சிகரங்களும் மேலே சூரியனும் சேர, சிங்கம் நாட்டின் நிலக்காட்சியாகவே ஆகிவிட்டது.

தொழில்நுட்பத்திலும் அக்காலம் துணிவானது. இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கு 1913இல் அனுப்பப்பட்ட நான்கு திபெத்திய இளைஞர்களில் ஒருவரான ரிங்காங் மின்பொறியியல் கற்றுத் திரும்பி, லாசாவுக்கு அருகே நீர்மின் நிலையம் அமைத்தார். அந்த மின்சாரம் அக்கசாலைக்கும் பயன்பட்டது. 1930களில் திபெத்திய அரசின் அதிகாரி சாரோங்கின் பொறுப்பில் ட்ராப்சி தொழிற்கூடம் நாணயம் அடிப்பதையும் பணத்தாள் அச்சிடுவதையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது.

ஆனால் எடையைப் பாருங்கள். ஒரு ஸ்ராங் என்பது அடிப்படையில் ஓர் எடை, சுமார் 37 கிராம் வெள்ளி. 1909இன் ஒரு ஸ்ராங் காசு ஏறத்தாழ பதினெட்டரை கிராம், பிறக்கும்போதே பாதி. 1933இல் வந்த 3 ஸ்ராங் காசின் எடை சுமார் 11.3 கிராம், ஸ்ராங்குக்கு நான்கு கிராம்கூட இல்லை. 1948 முதல் 1952 வரை அடிக்கப்பட்ட 10 ஸ்ராங் காசு சுமார் 16 கிராம், அதிலும் பெரும்பகுதி செம்பு. நாற்பது ஆண்டுக்குள் ஸ்ராங் என்ற சொல்லிலிருந்து வெள்ளி ஏறக்குறைய முழுதும் வெளியேறியது. படைக்குச் செலவு, இறக்குமதிக்கு ரூபாய் தேவை, கட்டுப்பாடின்றி அச்சிட்ட பணத்தாள் எனக் காரணங்கள் பல. சிங்கம் ஒவ்வொரு புதிய காசிலும் இன்னும் நன்றாகச் செதுக்கப்பட்டது. உள்ளே இருந்த உலோகம் மலிந்தது. மல்ல அரசர்கள் யந்திரக் கோலத்துக்குப் பின்னால் செய்ததை லாசா சிங்கத்துக்குப் பின்னால் செய்தது. திபெத்திய நாட்டுணர்வின் மீது பரிவுள்ளவர்கள் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள். சொல்லத்தான் வேண்டும். தன் காசைத் தானே நலித்துக்கொண்டதும் அந்த அரசு பலவீனப்பட்டதற்கு ஒரு காரணம்.

ஆய்வு வந்த வழி

இந்தத் துறையின் அடித்தளம் 1881இல் தெரியன் த லாக்குப்பெரி இலண்டன் நாணயவியல் இதழில் எழுதிய திபெத்திய வெள்ளி நாணயக் கட்டுரை. அடுத்து 1907இல் வங்காள ஆசியச் சங்கத்தின் வெளியீடாக வந்த இ. எச். சி. வால்ஷின் நூல். வால்ஷ் காசுகளைக் கையில் வாங்கிப் பார்த்தவர், வெட்டுத் துண்டுகளின் பெயர்களையும் குறித்துவைத்தவர். பின்னாளில் நிக்கோலஸ் ரோட்ஸ், கார்ல் காப்ரிஷ், வொல்ஃப்காங் பெர்ட்ஷ் ஆகியோர் ஆண்டு, அக்கசாலை, அச்சு வேறுபாடு என நுட்பமாக வகைப்படுத்தினர். நின்றுபோன ஆண்டுகளின் சிக்கலை அவிழ்த்ததில் அவர்கள் உழைப்பு பெரிது. என் குறை ஒன்றுதான். பட்டியல்கள் பேரரசர் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் வளர்ந்திருக்கின்றன. எந்தக் காசு எந்தக் கையில் எப்படிப் புழங்கியது என்ற கேள்வி அவற்றில் அடிக்குறிப்பாக ஒதுங்கிவிடுகிறது. அரை சியென் காசின் அரிய அச்சு வேறுபாட்டுக்குக் கிடைக்கும் பக்கங்களில் ஒரு பங்காவது மூன்று இதழ்த் துண்டுக்குக் கிடைக்கவேண்டும்.

பழகிய முகமே காசை ஏற்கவைத்தது என்ற கருத்துக்குக் கடைசிக் காசுகளே வலுச் சேர்க்கின்றன. 1951இல் லாசாவுக்கு வந்த சீன மக்கள் விடுதலைப் படை, பணத்தாளை நம்பாத ஊரில் வெள்ளி கொடுத்தே தானியமும் விறகும் வாங்கவேண்டியிருந்தது. அதற்காக யுவான் ஷிகாயின் தலை பதித்த டாலர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவரப்பட்டன. கம்யூனிஸ்ட் அரசு, தான் வெறுத்த ஒரு படைத்தலைவரின் முகத்தைக் கொண்டே திபெத்தில் கடன் தீர்த்தது. அந்த முகத்துக்குத்தான் சந்தையில் செல்வாக்கு இருந்தது. அதே நாட்களில், 1953-54இல், லாசா அக்கசாலை துறவிகளுக்கு வழங்குவதற்காக நல்ல வெள்ளியில் டங்கா அடித்தது. சிங்கக் காசு வழக்கில் இருந்தபோதும் காணிக்கைக்கு எடுத்தது எட்டு இதழும் எட்டு மங்கலமும் கொண்ட காண்டென் வடிவத்தை. எடையைக் குறைக்கவில்லை, செம்பை ஏற்றவில்லை. 1959க்குப் பிறகு திபெத்திய நாணயம் செல்லாததாகி மக்கள் நாணயமான யுவான் அதன் இடத்துக்கு வந்தது. பல சிங்கக் காசுகள் உருக்கப்பட்டு மறைந்தன. எஞ்சிய டங்காக்களில் பல, பெண்களின் அணிகலன்களில் துளையிட்டுக் கோக்கப்பட்டதால் பிழைத்தன.